உங்களுக்குப் பதினாலு வயதில் அப்பா என்ன வேலை?

மூன்று வருடமாக மறுப்புக் கடிதமெல்லாம் என் பெயருக்குத்தான் வருகிறது. விண்ணப்பிக்கிறது என்னவோ என் மகள். ஆனால் எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயர்தானே பிள்ளைக்குப் பின்பெயர்? "அன்புள்ள மிஸ்" என்று தொடங்கி, அடுத்த சொல்லாக என் ஐயா எனக்கு ஆசையாக வைத்த பெயரைப் போட்டு, "இம்முறை உங்களைத் தெரிவுசெய்ய முடியாமைக்கு வருந்துகிறோம்" என்று லண்டன் சிற்றியின் பெரிய பெரிய சட்ட நிறுவனங்கள் எழுதுகின்றன. எங்கேயும் வேலை கேட்டுப் போகாத என்னை, ஐம்பத்தேழு வயதில் இத்தனை கொம்பனிகள் வேண்டாம் என்று சொல்லும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

இதுவரை அறுபத்தொரு விண்ணப்பம். மகள் எக்ஸெல்லில் கணக்கு வைத்திருக்கிறாள். சிவப்பென்றால் மறுத்தது. மஞ்சள் என்றால் காத்திருக்கிறது. சாம்பல் என்றால் பதிலே வராமல் செத்துப்போனது. பச்சைக்கும் ஒரு நிரல் ஒதுக்கி வைத்திருக்கிறாள். அந்தப் பக்கம் நான் பார்க்கிறதில்லை.

கலியாண வீட்டுக்குப் போனால் தப்ப முடியாது. "மகள் லோ படிச்சவ எல்லே, எந்தக் கோட்டுக்குப் போறா?" என்று கேட்பார்கள். எங்கட சனத்துக்கு சொலிசிட்டர் என்றால் ஹோம் ஒஃபிஸ் கடிதத்தோடு ஓடிப்போய்ப் பார்க்கிற மனிசர். சிற்றியில் வணிகச் சட்டம் பார்க்கிறவர் கோட்டு வாசலை மிதிக்காமலே பென்ஷன் எடுக்கலாம் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். கொம்பனி வாங்குகிறது, விற்கிறது, வங்கிக் கடனுக்குப் பத்திரம் எழுதுகிறது, கட்டடத்தை லீசுக்கு விடுகிறது, இவைதான் அங்கே வேலை. அதற்குள் நுழைய வேண்டுமென்றால் இரண்டு வருடப் பயிற்சி ஒப்பந்தம் ஒன்று கிடைக்க வேண்டும். ஆறு ஆறு மாதமாக நாலு பிரிவில் வேலை பழகுகிறது. பிள்ளைகள் அதைச் சுருக்கி டி.சி. என்கிறார்கள். கடைக்கு வருகிற தஞ்சாவூர்க்காரர் ஒருவரிடம் சொன்னேன், மனிசன் சிரித்துவிட்டார். "எங்க ஊர்ல டி.சி. கொடுத்தாங்கன்னா பள்ளிக்கூடத்த விட்டு அனுப்பிட்டாங்கன்னு அர்த்தம் சார்."

கூட்டம் ஏன் அலைமோதுகிறது என்பது எனக்கும் விளங்குகிறது. 2024இல் சிற்றியின் முன்வரிசை நிறுவனங்கள் சில, பயிற்சி முடித்துப் புதிதாகத் தகுதி பெறுகிறவருக்கு ஆண்டுச் சம்பளம் 150,000 பவுண் என்று அறிவித்தன. அமெரிக்க நிறுவனங்களின் லண்டன் கிளைகளில் அது 180,000 வரை போனது. அப்படிப்பட்ட நிறுவனத்தில் ஒரு வருடத்துக்கு எடுக்கிற பயிற்சியாளர்கள், மிகப் பெரிய இடத்தில்கூட, நூறு பேருக்கு முன்பின். விண்ணப்பம் ஆயிரக்கணக்கில். கிடைக்காதது அதிசயமில்லை, நான் அதைக் குறை சொல்லவும் இல்லை. என் வயிற்றெரிச்சல் கேட்கிற விதத்தில்.

முதலாவது, காலம். சட்டம் படிக்கிற பிள்ளை இரண்டாம் வருடத்திலேயே, பத்தொன்பது வயதில், இரண்டு மூன்று வருடம் கழித்துத் தொடங்கப்போகிற வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் முன்னால் 'வக் ஸ்கீம்' என்று, விடுமுறையில் ஓரிரு கிழமை போய் அவர்கள் முன்னால் நல்ல பிள்ளையாக இருந்து காட்டுகிற ஒன்று. டி.சி. கொடுக்கிறதில் பாதிக்கு மேல் அதற்குள்ளேயே முடிந்துவிடும் என்கிறாள். செப்டெம்பரில் வாசல் திறக்கும். முடிவுத் திகதி டிசம்பர் என்று போட்டிருப்பார்கள். கீழே சின்ன எழுத்தில், "விண்ணப்பங்கள் வர வரப் பரிசீலிக்கப்படும், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்." அப்படியென்றால் அந்தத் திகதி எதற்கு? என் கடைக் கதவில் இரவு பத்து மணி மட்டும் திறந்திருக்கும் என்று எழுதிவிட்டு ஏழு மணிக்குப் பால் முடிந்ததென்று பூட்டினால் சனம் சும்மா விடுமா?

இரண்டாவது, மூன்று 'ஏன்'. ஏன் சட்டம்? ஏன் வணிகச் சட்டம்? ஏன் எங்கள் நிறுவனம்? ஒவ்வொன்றுக்கும் 250 சொல். முதல் இரண்டும் போகட்டும், இந்த மூன்றாவதுக்குத்தான் பிள்ளை இரவிரவாக முழித்திருக்கிறது. அவர்கள் அண்மையில் செய்து கொடுத்த கொடுக்கல் வாங்கல் ஒன்றைத் தேடிப்பிடித்து, அது தன்னை எப்படிக் கவர்ந்தது என்று எழுத வேண்டும். சவூதியில் ஒரு குழாய்த் திட்டத்துக்கு வங்கிகள் கடன் கொடுத்ததில் என் பிள்ளைக்கு என்ன கவர்ச்சி? ஒருநாள் ஐந்து நிறுவனங்களின் 'எங்களைப் பற்றி' பக்கத்தைப் பெயரை மறைத்து அவளுக்கே வாசித்துக் காட்டினேன். ஒத்துழைப்பு, புதுமை, பன்மைத்துவம், உலகளாவிய பார்வை, அக்கறையான சூழல். எது எவருடையதென்று அவளால் சொல்ல முடியவில்லை. வேறுபாடே இல்லாத ஐந்து பேரிடம் 'நீங்கள் மட்டும்தான்' என்று சத்தியம் பண்ண வேண்டும்!

இப்படி எழுதி எழுதிப் போன வருடம் ஒரு விண்ணப்பத்தில் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருந்துவிட்டது. அனுப்பி இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்தாள். திருப்பி எடுக்க வழியில்லை. அன்றைக்குச் சாப்பிடவில்லை. தாய்க்காரி, "ஒரு பேர் மாறினதுக்கே? இவர் கலியாணத்துக்கு முதல் எனக்குப் போட்ட கடிதத்தில என்ர தங்கச்சியின்ர பேர எழுதினவர்" என்றாள். முப்பது வருடமாகியும் என்னை விடுகிறாளில்லை.

ஏன் வணிகச் சட்டம் என்ற கேள்விக்கு அவளிடம் உண்மையான பதில் ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பதிலே நான்தான்.

2007இல் ரெய்னர்ஸ் லேனுக்குக் கிட்ட இந்தக் கடையைப் பத்து வருட லீசில் எடுத்தேன். முன்னிருந்தவர் அவசரமாக விட்டுப்போகிறார், நான் அவசரமாகத் திறப்பு வாங்க வேண்டும். கட்டடக்காரரின் சொலிசிட்டர் ஒரு கடதாசி அனுப்பினார். அதை வேறொரு சொலிசிட்டருக்கு முன்னால் சத்தியம் பண்ணிக் கையெழுத்து வைக்க வேண்டுமாம். போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பேனையைத் தந்தார், "இது உங்கள் கையெழுத்துத்தானே, இதில் உள்ளது உண்மைதானே" என்று கேட்டார். ஓம் என்றேன். ஐந்து பவுண் வாங்கினார். முழுக்க நாலு நிமிடம் இராது. வெளியே வந்து தேத்தண்ணி குடித்தேன்.

பத்து வருடம் கழித்து, 2017இல், கட்டடக்காரர் வாடகையை உயர்த்திக் கேட்டார், இல்லாவிட்டால் வெளியே போ என்றார். எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. கடை நடத்துகிற வாடகைக்காரனை லீஸ் முடிந்ததும் சும்மா எழுப்பிவிட முடியாது, 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறதென்று பக்கத்துக் குஜராத்திக் கடைக்காரர் சொல்லியிருந்தார். மகளுக்கு அப்போது பதினாலு வயது. லீஸைக் கொண்டுவந்து கல்லாவடியில் வைத்து வாசித்தாள். முப்பத்தெட்டுப் பக்கம். பால் பெட்டிக்கு மேல் இருந்துகொண்டு, விளங்காத சொல்லை ஃபோனில் தேடித் தேடி, இரண்டு பின்னேரம். மூன்றாம் நாள் வந்து, "அப்பா, உங்களுக்கு அந்த உரிமை இல்லை" என்றாள். அந்தச் சட்டத்தின் 24 தொடக்கம் 28 வரையான பிரிவுகள் எனக்குச் செல்லாது என்று லீஸில் ஒரு வரி இருந்தது. அவை செல்லாமல் போக வேண்டுமென்றால் நான் முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டு, விளங்கிக்கொண்டு, சம்மதித்ததாக அறிவிக்க வேண்டும். பதினாலு நாள் பொறுத்திருந்தால் சாதாரணக் கையெழுத்துப் போதும். பொறுக்காவிட்டால் சத்தியக் கடதாசி. ஐந்து பவுண் கொடுத்து நான் பண்ணின சத்தியம் அதுதான். என் உரிமையை நானே எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தத் திருப்தியில் தேத்தண்ணியும் குடித்திருக்கிறேன்.

வாடகை மறுபரிசீலனையையும் அவள்தான் கண்டுபிடித்தாள். ஐந்தாம் வருடம் வாடகையைச் சந்தை நிலவரப்படி பார்க்கலாம், ஆனால் மேலே மட்டும்தான் போகும், கீழே இறங்காது. 2008 நெருக்கடிக்குப் பிறகு எங்கள் வரிசையில் மூன்று கடை பூட்டிக் கிடந்தது, 2012இல் என் வாடகை ஒரு பென்னி குறையவில்லை. குறையக் கூடாதென்று நான்தான் ஒப்புக்கொண்டிருந்தேனாம். வேறு வழியில்லாமல் 2017இல் புது லீஸ் எடுத்தோம். அதிலும் அதே வரி. இந்த முறை தெரிந்துகொண்டே சத்தியம் பண்ணினேன். அதே ஐந்து பவுண். மகளும் கூட வந்திருந்தாள். வெளியே வந்ததும், "இதை எழுதினவர் எங்க இருப்பார் அப்பா?" என்று கேட்டாள். சிற்றியில் என்றேன். அந்த ஒற்றைச் சொல்லில் தொடங்கினதுதான் இவ்வளவும்.

இந்தக் கதையைத்தான் அவள் 250 சொல்லுக்குள் அடைத்து எழுதுகிறாள். பல்கலைக்கழகத்தில் வேலைவாய்ப்பு ஆலோசகர் வாசித்துவிட்டு, மனதைத் தொடுகிறது, ஆனால் வணிக அளவில் சிறிதாக இருக்கிறது, பெரிய கொடுக்கல் வாங்கல் ஒன்றோடு இணைக்கலாமே என்றாராம். குழாய்த் திட்டம் அப்படித்தான் உள்ளே வந்தது.

ஏதோ 'கொமர்ஷியல் அவெயர்னஸ்' என்று ஒன்று வேண்டுமாம். வணிக விழிப்புணர்வு. கல்லாவுக்குப் பின்னால் வளர்ந்த பிள்ளைக்கு அதை மாதச் சந்தா கட்டிப் பத்திரிகையில் படிக்கச் சொல்கிறார்கள். 2015 ஏப்ரலில் சின்னக் கடைகளும் சிகரெட்டைக் கண்ணில் படாமல் மூடிவைக்க வேண்டுமென்று சட்டம் வந்தபோது, அலுமாரிக்குக் கதவு போடுகிற செலவு யாருடையது, எங்களுடையதா சிகரெட் கொம்பனியுடையதா என்று பன்னிரண்டு வயதில் கேட்டவள் அவள். 2017 மே மாதம் பத்துச் சிகரெட் பெட்டி ஒழிந்தபோது, யார் இருபது வாங்குவார், யார் கடைக்கே வராமல் விடுவார் என்று ஆள் ஆளாகச் சொன்னாள். பெரும்பாலும் சரி. அதே வருடம் சின்னக் கடைகளுக்கான வரிச் சலுகையைக் கூட்டினார்கள், வரிமதிப்பு 12,000 பவுண் மட்டும் முழுச் சலுகை, 15,000 மட்டும் படிப்படியாக. எங்கள் கடை இரண்டுக்கும் நடுவில். கவுன்சிலுக்கு அவள்தான் எழுதிக் கொஞ்சம் குறைப்பித்தாள். இந்தப் பிள்ளை எழுதின விண்ணப்பங்களில் பலித்தது இன்றுவரை அது ஒன்றுதான்.

எழுத்துக் கட்டம் தாண்டினால் சோதனை. வாட்சன் கிளேசர் என்று இரண்டு பேரின் பெயரில் ஒன்று, முப்பது நிமிடத்தில் நாற்பது கேள்வி. அவள் பழகும்போது நானும் பக்கத்தில் இருந்து பார்ப்பேன். ஒருநாள் எனக்கு விளங்கப்படுத்த, கடையை வைத்தே ஒரு கேள்வி கட்டினாள். "சில கடைகள் ஞாயிற்றுக்கிழமை திறக்கும். ஞாயிறு திறக்கிற கடையெல்லாம் லாபம் பாக்கும். அப்ப சில கடைகள் லாபம் பாக்கும். இது சரியா, பிழையா?"

"பிழை. ஞாயிறு திறந்தா லாபமெண்டு ஆர் சொன்னது? வேலைக்கு நிக்கிற பெடியனுக்குச் சம்பளம் ஆர் குடுக்கிறது?"

"அப்பா, உங்களுக்குத் தெரிஞ்சதப் பாவிக்கக் கூடாது. அங்க எழுதியிருக்கிறத மட்டும் நம்ப வேணும்."

தெரிந்ததைப் பாவிக்கக் கூடாதாம். லீஸில் கையெழுத்து வைக்கும்போது நானும் அதைத்தானே செய்தேன், எழுதியிருந்ததை அப்படியே நம்பினேன். அந்தச் சோதனையில் எனக்கு நூற்றுக்கு நூறு தர வேண்டும்.

பிறகு வீடியோ நேர்முகம். நேர்முகம் என்கிறார்கள், மறுபக்கம் ஒரு முகமும் இல்லை. திரையில் கேள்வி வரும், யோசிக்க முப்பது விநாடி, பேச இரண்டு நிமிடம், தன் முகத்தையே பார்த்துப் பேச வேண்டும். வீட்டில் தம்பிக்காரனின் சத்தம் என்று கடைப் பின்னறையில் வெள்ளைச் சீலை கட்டி இருந்தாள். ஐஸ்கிரீம் ஃப்ரீஸர் இரைந்தது. நிற்பாட்டினோம். அரை மணித்தியாலம். "நீங்கள் எதிர்பாராத சிக்கலைச் சமாளித்த ஒரு தருணத்தைக் கூறுங்கள்" என்று கேட்டிருக்கிறது மெஷின். பிள்ளை பேசி முடித்து வெளியே வந்த முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் ஃப்ரீஸரைத் திரும்பப் போட மறந்துபோனேன். அடுத்தநாள் காலை நாற்பது பவுண் ஐஸ்கிரீம் பாயசமாகிக் கிடந்தது. நிறுவனத்திலிருந்து பதில் வர நாலு மாதம். "விண்ணப்பங்களின் எண்ணிக்கை காரணமாகத் தனிப்பட்ட கருத்துத் தெரிவிக்க இயலாது."

கருத்து என்று ஒன்று வந்தது ஒரேயொரு முறை. கடந்த மார்ச்சில் ஒரு நிறுவனம் நேரில் கூப்பிட்டது. மெட்ரோபொலிட்டன் லைனில் மூர்கேட் மட்டும் நானும் கூடப் போனேன். "வாசலுக்கு வராதேங்கோ" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். ஸ்டேஷன் வாசலில் அவள் சப்பாத்தை மாற்றும் வரை பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலையில் குழுப் பயிற்சி, பிறகு எழுத்து, பிறகு பயிற்சியாளர்களோடு மதியச் சாப்பாடு. சாப்பாட்டுக்குப் புள்ளி இல்லையாம், ஆனால் எல்லாரும் புள்ளி இருக்கிறது போலவே சாப்பிட்டார்களாம். கடைசியாக ஒரு பார்ட்னர். அந்த அம்மா விண்ணப்பத்தை உண்மையிலேயே வாசித்திருந்தார். லீஸ் கதையைக் கேட்டார். இவளும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிரிவு பிரிவாகச் சொன்னாள். கேட்டுவிட்டு அவர், "எங்கள் கட்டடப் பிரிவு பெரும்பாலும் கட்டடக்காரர் பக்கம்தான் வேலை செய்கிறது. அது உங்களுக்குச் சங்கடமாக இருக்குமா?" என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி. எட்டு வருடமாக நான் கேட்காமல் விழுங்கிக்கொண்டிருந்த கேள்வியும் அதுதான். வேலை கிடைத்தால் என் பிள்ளை எழுதப்போகிறது என்னைப் போன்ற ஒருவன் ஐந்து பவுண் கொடுத்துச் சத்தியம் பண்ணுகிற அந்தக் கடதாசியைத்தான்.

"நீ என்ன சொன்னனி?"

"ஆருக்காக எழுதினாலும் வாசிக்கிறவனுக்கு விளங்கிற மாதிரி எழுதலாம்தானே எண்டு சொன்னன்."

பெருமைப்படவா, தலையில் குட்டவா என்று தெரியவில்லை. பத்து நாளில் பதில் வந்தது. சட்ட அறிவு நன்று, வணிக விழிப்புணர்வு இன்னும் வளர வேண்டும்.

இதையெல்லாம் விட்டுவிட்டு வேறு வழியால் போகலாமே என்பார்கள். 2021இலிருந்து வழி மாறியிருக்கிறது, உண்மைதான். எஸ்.கியூ.இ. என்ற பொதுச் சோதனையை எழுதி, நாலு இடம் வரை சேர்த்து இரண்டு வருட வேலை அனுபவம் காட்டினால் டி.சி. இல்லாமலே சொலிசிட்டர் ஆகலாம். அவள் இப்போது ஹை ஸ்ட்ரீட் கந்தோர் ஒன்றில் வீடு வாங்கி விற்கிற கடதாசிகளோடு மாரடிக்கிறாள், அந்த நாட்கள் கணக்கில் சேரும். சோதனைக் காசு தொடங்கின வருடத்தில் 3,980 பவுண், இப்போது ஐயாயிரத்தைத் தொடப் பார்க்கிறது. வகுப்புக் காசு வேறு. பெரிய நிறுவனம் எடுத்தால் அவர்கள் கட்டுவார்கள், எடுக்காவிட்டால் பால் விற்ற காசில் நாங்கள் கட்ட வேண்டும். அந்தச் சோதனையிலும், 2024 ஜனவரியில் எழுதினவர்களில் 175 பேருக்குச் சித்தியடைந்தும் தவறிவிட்டதென்று முடிவு போனது. கணக்குப் பிழையாம். ஏப்ரலில் மன்னிப்புக் கேட்டு, தலைக்கு 250 பவுண் என்றார்கள்.

முந்தி இதைக் காசு கொடுத்தே வாங்கியிருக்கிறார்கள். டிக்கன்ஸின் 'டேவிட் கொப்பர்ஃபீல்ட்' நாவலில் அந்தப் பெடியனைச் சட்டக் கந்தோரில் பழக விடுவதற்கு மாமிக்காரி ஆயிரம் பவுண் கட்டுகிறா. பழகப் போனது 'புரொக்டர்' வேலைக்கு, நாங்கள் யாழ்ப்பாணத்தில் பிரக்கிராசி என்போமே, அது. அநியாயம்தான். ஆனால் ஆயிரம் என்று சொன்னால் ஆயிரம். மாமியிடம் ஒருவரும் 'ஏன் எங்கள் கந்தோர்?' என்று 250 சொல்லில் கேட்கவில்லை.

செப்டெம்பர் வந்து மறுபடியும் வாசல் திறந்துவிட்டது. நேற்றிரவு கடை பூட்டும் நேரம் கல்லாவடியில் மடிக்கணினியோடு இருந்தாள். 2028இல் தொடங்குகிற வேலை. எங்கள் லீஸ் 2027இல் முடிகிறது.

"அப்பா, எனக்குப் பதினாலு வயசில உங்களுக்கு என்ன வேலை?"

"ஏன், உனக்குத் தெரியாதே?"

ஃபோர்மில் கேட்கிறார்களாம். வசதி குறைந்த வீட்டிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்க்க. திரையைத் திருப்பிக் காட்டினாள். டொக்டர், மனேஜர், கிளார்க், கைத்தொழில், கூலி என்று வரிசையாக இருந்தது. அதற்குள், இருபத்தைந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருந்த சிறுதொழில்காரர், உதாரணத்துக்கு மூலைக்கடை உரிமையாளர். அச்சடித்தாற்போல் நான். இத்தனை வருடத்தில் இந்த நிறுவனங்களின் கடதாசியில் எனக்கென்று ஒரு வரி இருப்பதை நேற்றுத்தான் கண்டேன்.

"2017ல கடையில எத்தினை பேர் வேலை?"

"நான், கொம்மா, நீ."

"நான் சம்பளமில்லாத ஆள், கணக்கில வராது" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள். ஏன் வணிகச் சட்டம். லீஸ் கதையைப் புதிதாக எழுதியிருந்தாள், குழாய்த் திட்டம் இல்லாமல். 268 சொல். பெட்டி 250க்கு மேல் ஏற்காது. நான் ஷட்டரை இறக்கிவிட்டு வந்து பார்க்க 249 என்று காட்டியது.

"எதை வெட்டினனி?"

"நீங்கள் சத்தியம் பண்ணினத."